மத்தியானத்தில் குறையும் உப்பு

உப்பு ஆவியாகாது. இதைச் சொல்ல விஞ்ஞானப் பாடம் தேவையில்லை. ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸில் கடந்து போன எவருக்கும் தெரியும். வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு பாத்தியிலே கிடக்கும். ஆனால் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியில் மட்டும் ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் உப்புக் குறைந்தது. காலையில் 35.2 (ஒரு கிலோ தண்ணீரில் ஏறத்தாழ இத்தனை கிராம் உப்பு) என்று நிற்கும் உப்பு மீற்றர், வெயில் ஏறத் தொடங்க மெல்ல மெல்ல இறங்கும். இரண்டரை, மூன்று மணிக்குப் பார்த்தால் 34.1. பொழுதுபட்ட பிறகு திரும்ப ஏறும். விடிய எழும்பிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய இடத்தில் நிற்கும். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். கொடியில் போட்ட சாறம் அரை மணித்தியாலத்தில் காய்கிற வெக்கையில், தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறத்தான் வேண்டும். இறங்குகிறதென்றால் ஒன்றில் தண்ணீருக்குள் எனக்குப் புரியாத ஏதோ நடக்கிறது, இல்லாவிட்டால் மீற்றர் பொய் சொல்கிறது. எது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையிலும் இதே கதை கதைத்து, வீட்டில் எல்லாருக்கும் அலுத்துப்போனது.

மீற்றர் ரொறன்ரோவிலிருந்து வந்தது. மச்சான் அங்கே என்னுடையதைவிடப் பெரிய தொட்டி வைத்திருக்கிறான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தபோது சூட்கேசுக்குள் பழைய உடுப்பால் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். அதுவரை மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடி நீரமானி ஒன்றும், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிற றிஃப்ராக்டோமீற்றர் ஒன்றும்தான் என்னிடம் இருந்தன. நினைத்தால் எடுத்துப் பார்ப்பேன், நினைக்காவிட்டால் இல்லை. மச்சானுடைய சாமான் அப்படி விடாது. புறோப் என்கிற அதன் குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டால் இரவு பகலாகச் சிவப்பு எழுத்தில் எண்ணைக் காட்டிக்கொண்டே நிற்கும். “35ஐ விட்டு அசைய விடாதை” என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான். அசைவதைத் தவிர அந்த எண் வேறொன்றும் செய்யவில்லை.

உள்ளே என்ன நடக்கிறதென்று பரந்தனில் வளர்ந்த ஒருவனுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. புறோப்பில் இரண்டு மின்வாய்கள். அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை விட்டு, தண்ணீர் அதை எவ்வளவு இலகுவாகக் கடத்துகிறது என்று பார்க்கிறது. உப்புக் கூடினால் அயன்கள் கூடும், ஓட்டம் இலகுவாகும். 25 பாகை வெப்பநிலையில், 35 உப்புள்ள கடல்நீரின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 53 மில்லிசீமன்ஸ். இந்த 53ஐத்தான் மீற்றர் 35 என்று மாற்றிச் சொல்கிறது. நேரோட்டம் விட்டால் கதை வேறு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் செய்தது அதைத்தான்: ஆனையிறவு உப்பைக் கரைத்து நேரோட்டம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரீன், மற்றப் பக்கம் காஸ்ரிக் சோடா. மீன்தொட்டிக்குள் குளோரீன் தொழிற்சாலை நடத்த முடியாது. அதனால் மீற்றர் ஓட்டத்தின் திசையை நொடிக்குப் பல தடவை மாற்றி மாற்றி விடுகிறது. உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் விற்கிற இடங்களில், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கவென்று பெடியள் சட்டைப்பையில் வைத்திருக்கும் ரீ.டி.எஸ். பேனாவும் இதே வித்தைதான், அளவு மட்டும் சின்னது.

முதலில் மிதவைச் சுவிச்சில் சந்தேகப்பட்டேன். தொட்டியில் மட்டம் இறங்கினால் அது ஒரு சின்ன மோட்டரைப் போட்டு 20 லீற்றர் கானிலிருந்து நல்ல தண்ணீரை விடும். கணக்கு இப்படி: தொட்டி 200 லீற்றர். கச்சான் நாளில் 4 லீற்றர் போனால் 35 என்பது 35.7 ஆகும். நிரப்பாமல் இன்னொரு நாள் விட்டால் 36.5. ஆகவே நிரப்பத்தான் வேண்டும், அதுவும் கிணற்றுத் தண்ணீரால் அல்ல. எங்கள் பக்கத்துக் கிணறுகள் சவர். வற்றுவது வெறும் தண்ணீர், ஊற்றுவது உப்புத் தண்ணீர் என்றால் கணக்கு மாதக்கடைசியில் எங்கேயோ போய் நிற்கும். சுவிச் கூடுதலாக விடுகிறதோ என்று ஒரு நாள் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அன்றைக்கும் மத்தியானம் இறங்கியது. பிறகு வெப்பநிலை. பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம் கடத்துதிறன் கூடும். மீற்றர் தண்ணீரின் சூட்டையும் அளந்து அந்தக் கூடுதலைக் கழித்துவிடுகிறது. தேவைக்கு மேலே கழித்தால் சூடான நேரத்தில் குறைத்துக் காட்டும் அல்லவா? போத்தல் ஒன்றில் தொட்டித் தண்ணீரை எடுத்து, புறோப்பையும் வைத்து வெயிலில் விட்டேன். 0.1 அசைந்தது. அவ்வளவுதான். அந்த வழியும் அடைபட்டது.

சுண்டிப் பாத்தனீரோ?

மனைவியின் மாமா ஒருவர் இளவயதில் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்திகளில் போமே பார்த்துத் திரிந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். போமே என்பது உப்புநீரின் செறிவை அளக்கும் பாகைக் கணக்கு. கையில் ஒரு நீரமானியோடு பாத்தி பாத்தியாகப் போய்ப் பார்ப்பது. கடல்நீர் அந்தக் கணக்கில் மூன்றரைப் பாகை. பல பாத்தி மாறி மாறி வற்றி 25 பாகைக்கு வரும்போதுதான் உப்பு விளையும். என் தொட்டியின் எண்ணைக் கேட்டு, மனதுக்குள் மாற்றிப் பார்த்து, “மூண்டரை டிகிரித் தண்ணிக்கோ உவ்வளவு பாடு” என்று சிரிப்பார். அவருடைய உலகத்தில் அது இன்னும் வேலை தொடங்காத தண்ணீர்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர், கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு மீற்றரைப் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன். 

“வெயில் ஏற ஏற உப்பு இறங்குதோ? எங்கடை காலத்திலை இப்பிடி ஒரு பாத்தி எண்டு சொல்லியிருந்தா வீட்டை அனுப்பியிருப்பாங்கள்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீரமானியைத் தண்ணியிலை விட்ட உடனை ஒரு சுண்டு சுண்டிச் சுத்த விடவேணும். இல்லாட்டிக் குமிழி ஒட்டும். குமிழி ஒட்டினா மிதந்து கூடக் காட்டும். உந்தக் குச்சியைச் சுண்டிப் பாத்தனீரோ?”

“மாமா, இது மிதக்கிற சாமான் இல்லை” என்றேன். 

“மிதந்தா என்ன, தாண்டா என்ன. தண்ணிக்கை கிடக்குதுதானே.”

மறுத்துப் பேசிக்கொண்டிருப்பதைவிடச் சுண்டுவது சுலபம். பேனாவின் பின்பக்கத்தால் புறோப்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். 34.1 என்று நின்ற எண் 34.6க்குப் போனது. இன்னொரு தட்டு. மணல்போலப் பொடிக் குமிழிகள் கொஞ்சம் மேலே வந்தன. 35.3. அவ்வளவு நாளும் மாலையில்தான் திரும்பி வந்த எண், பட்டப்பகலில், மாமாவின் கண்ணுக்கு முன்னாலே ஏறி நின்றது. புறோப்பை வெளியே எடுத்துப் பார்த்தேன். மின்வாய்கள் இருக்கும் இடுக்கில் மெல்லிய பச்சைப் பாசி. விறாந்தைக்கு மேற்குப் பக்கத்தில் திறந்த கிராதி; மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேரே புறோப் கிடக்கும் கீழ்த்தொட்டியில்தான் விழும். வெயில் பட்டால் பாசி ஒட்சிசன் விடும். தண்ணீர் சூடாகும்போது அதற்குள் கரைந்திருக்கும் வாயுவும் வெளியே வரப் பார்க்கும். இரண்டும் போய் அந்த இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். குமிழிக்குள்ளால் மின்சாரம் போகாது. ஒழுங்கைக்குக் குறுக்கே மாட்டுவண்டில் நின்றால் சுற்றிப் போகிறமாதிரி ஓட்டம் சுற்றிப் போகவேண்டும். கடத்துவது குறைகிறது, மீற்றர் அதை உப்புக் குறைந்ததாக வாசிக்கிறது. இரவில் பாசி ஒட்சிசன் விடுவதை நிறுத்தும், குமிழிகள் திரும்பக் கரையும், எண் ஏறும்.

மாமாவுக்கு இதில் திருப்தியில்லை. “நான் கூடக் காட்டும் எண்டெல்லோ சொன்னனான். இது குறைச்சலாயெல்லே காட்டியிருக்கு.” நீரமானியைக் குமிழி தூக்கிவிடும், ஆகவே கூடக் காட்டும், இங்கே குமிழி வழியை மறிக்கும், ஆகவே குறையக் காட்டும் என்று விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இது உப்பை அளக்கேல்லை. கரண்டை அளந்துபோட்டு உப்பெண்டு சொல்லுது” என்றார். நீரமானியும் உப்பை அளப்பதில்லையே, அடர்த்தியை அளந்துவிட்டுத்தானே உப்பென்று சொல்கிறது என்று கேட்க வாய் உன்னியது. சோறு ஆறுகிறதென்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். விட்டுவிட்டேன்.

புறோப்பை வெயில் படாத மூலைக்கு, நீரோட்டம் நன்றாக ஓடும் இடத்தில், கொஞ்சம் சரிவாக மாற்றிவைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை துடைப்பது, சுண்ணாம்பு படிந்தால் வினாகிரியில் ஊறவைப்பது. மத்தியான இறக்கம் நின்றது. அதற்குப் பிறகு எண் செய்தது, முதலில் இருந்தே அது செய்திருக்கவேண்டியது: தண்ணீர் வற்றக் கொஞ்சம் ஏறும், சுவிச் “டக்” என்று போட இறங்கும், திரும்ப ஏறும்.

உப்பளம் பக்கத்திலே இருக்க

பிரச்சினை தீர்ந்தது, மாமாவின் வசனம் தீரவில்லை. கரண்டை அளந்துவிட்டு உப்பென்று சொல்கிறது. அது எனக்குக் குத்தியதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பக்கத்திலே உப்பளம் இருக்க, ஏன் பட்டா வாகனம் பிடித்து முல்லைத்தீவு வரை போய்க் கானில் கடல் தண்ணீர் அள்ளுகிறீர்கள்? ஆனையிறவு உப்பைக் கரைத்தால் காணாதோ? (சிலாவத்தைக் கடலில் வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கிறார்கள், விளக்கெரிக்க. உனக்கு மீன் எரிக்கவோ என்று கேட்டவர்களும் உண்டு.) காணாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மீற்றருக்குத் தெரியுமா?

ஒரு வாளியில் சமையல் உப்பை நிறுத்துக் கரைத்தேன்: 35 கிராம் உப்பு, 965 கிராம் ஆர்.ஓ. தண்ணீர் என்ற விகிதம். தராசுக் கணக்கில் இது சரியாக ஆயிரத்துக்கு 35. மூன்று கருவியையும் விட்டேன். நீரமானி 33 என்றது. றிஃப்ராக்டோமீற்றர் முப்பத்துமூன்றரை. மச்சானின் மீற்றர் 37ஐத் தாண்டியது. ஒரே வாளி, ஒரே தண்ணீர், சரியாக நிறுத்துப் போட்ட உப்பு. மூன்றும் பழுதில்லை. ஒன்று அடர்த்தியைப் பார்க்கிறது, ஒன்று ஒளி முறிவதைப் பார்க்கிறது, ஒன்று மின்னோட்டத்தைப் பார்க்கிறது. மூன்றும் “இது கடல்நீர்தான்” என்று நம்பிக்கொண்டு கணக்கை மாற்றுகின்றன. வாளியில் இருந்தது கடல்நீர் இல்லை.

ஒரு கிலோ கடல்நீரில் குளோரைட்டு 19 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, சோடியம் கிட்டத்தட்ட 10.8, சல்பேற்று 2.7, மக்னீசியம் 1.3, கல்சியம் 0.4, பொற்றாசியம் 0.4. சோடியமும் குளோரைட்டும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மக்னீசியமும் சல்பேற்றும் நிறைக்கு ஏற்ற அளவு கடத்துவதில்லை. அதனால்தான் வெறும் சமையல் உப்புக் கரைசல் மின்மீற்றரில் கூடக் காட்டுகிறது. உலகத்துக் கடல்களில் உப்பு கூடலாம், குறையலாம், ஆனால் இந்த விகிதம் அநேகமாக மாறாது. 1872 முதல் 1876 வரை சுற்றிய சலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை டிற்மார் என்ற இரசாயனவியலாளர் ஆராய்ந்து, 1884இல் அதை நிறுவினார். விகிதம் மாறாது என்ற அந்த ஒரு நம்பிக்கையில்தான் இந்த மூன்று கருவிகளும் நிற்கின்றன. கடலியல்காரர் 1978இல் வகுத்த அளவுத்திட்டமும் உவர்த்தன்மையைக் கடத்துதிறனை வைத்தே வரையறுக்கிறது. அதில் 35க்கு அலகே கிடையாது. மாமா கிண்டலாகச் சொன்னதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உப்பளத்தின் வேலையோ அந்த விகிதத்தைக் குலைப்பதுதான். மாமாவிடம் திரும்பப் போய்க் கேட்டேன். நீர் வற்றி வரும் வழியிலேயே, உப்பு விளையும் பாத்திக்கு முந்திய பாத்திகளில், ஜிப்சம் அடியில் படிந்துவிடும். அதோடு கல்சியத்தில் பெரும்பகுதி போய்விடும். 25 பாகையில் உப்பு விளையும். 29, 30 பாகைக்கு ஏற விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், ஆகவே அதற்கு முன்னரே கசப்புநீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். “அதை விடாட்டி உப்பு ஈரிச்சுப்போகும், வாயிலை வைக்கேலாது.” சோற்றுக்கு நல்லதென்று அவர்கள் கவனமாக வெளியே விட்ட அந்தக் கல்சியமும் மக்னீசியமும்தான் என் தொட்டி இறாலுக்குக் கோது கட்டத் தேவை. நல்ல ஆனையிறவு உப்பை அளந்து கரைத்தால் மச்சானின் மீற்றர் சந்தோஷமாக 35 என்று காட்டும். அந்தத் தண்ணீரில் இறால் நிலைக்காது. சிவப்பு எழுத்தில் இரண்டு 35க்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மச்சானுடைய 35

அன்றிலிருந்து எனக்கும் மச்சானுக்கும் போனில் வாக்குவாதம். மார்கழியில் முல்லைத்தீவில் அள்ளிய தண்ணீர் 33ஐத் தொடவில்லை. செயற்கைக் கடலுப்புப் போட்டு 35க்கு ஏற்றச் சொல்கிறான் அவன். வங்காள விரிகுடா அப்படித்தான்: கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொட்டுகிற நல்ல தண்ணீர் அதன் மேற்பரப்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் அதை எங்கள் கிழக்குக் கரை வழியே கீழே கொண்டுவருகிறது. அதற்கு மேலே நந்திக்கடல் களப்பின் முகத்துவாரம் திறந்தால் வட்டுவாகல் பக்கத்தில் கடலே கலங்கிக் கிடக்கும். நந்திக்கடல் மாரியில் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர், ஆவணியில் கடலைவிட உவர். அதற்குள்ளும் இறால் இருக்கிறது, அள்ளி விற்கிறார்கள், கறியும் வைக்கிறோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கு ஏ35 என்று பெயர் வைத்ததால் கடல் அந்த எண்ணை மதித்து நடக்கவேண்டுமென்று இல்லை.

ஆனால் இதைச் சொல்லி எண் எதுவாயிருந்தாலும் பரவாயில்லை என்று நான் வாதாடவில்லை. களப்பு இறால் அந்த ஏற்றவிறக்கத்துக்குப் பழகியது; என் தொட்டியில் இருக்கும் கோடுபோட்ட பார் இறால் அப்படி இல்லை. மீன் கடல்நீரைக் குடித்துச் செவுளால் உப்பை வெளியே தள்ளி ஒருமாதிரிச் சமாளிக்கும். இந்த இறாலோ ஒரே நாளில் மூன்று புள்ளி மாறினால் தாங்காது. எனக்கு 33ஓ 35ஓ சண்டையில்லை. நேற்று 33, இன்றைக்கு 35 என்பதுதான் பயம். ஆகவே மார்கழித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன், தொட்டியை 34க்குக் கிட்ட நிற்க விட்டேன், மீற்றரின் அலாரத்தைக் கீழே 32.5, மேலே 36 என்று வைத்தேன். கரண்ட் போய் வருகிற இரவில் மிதவைச் சுவிச் இறுகிக் கான் முழுவதும் தொட்டிக்குள் போனாலும், 34 என்பது 30.9க்குக் கீழே போகாது; 20 லீற்றருக்கு மேலே கான் வைக்காததற்கு அதுதான் காரணம். அதற்கு முன்னரே அலாரம் கத்தும். மீற்றரிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான், இதை அது நன்றாகச் செய்கிறது.

மிச்சமிருப்பது கலிபிரேசன், அதாவது எண் தெரிந்த கரைசலில் விட்டு மீற்றரைத் திருத்துவது. 53 மில்லிசீமன்ஸ் என்று எழுதிய சின்னச் சின்னக் கரைசல் பைக்கற்றுகளை மச்சான்தான் அனுப்பவேண்டும். வெட்டிய பைக்கற்றை இந்த வெக்கையில் வைத்திருந்தால் அதுவும் வற்றிச் செறிந்துவிடும், பிறகு அதை நம்பி மீற்றரைத் திருத்தினால் எல்லாம் பிழைக்கும். 3.29 வீதச் சமையல் உப்புக் கரைசலும் ஏறத்தாழ அதே 53ஐத் தரும் என்பதால் அவசரத்துக்கு அதையும் பாவிக்கலாம், தராசு நல்லதாக இருந்தால். நான் கடைசியில் செய்தது, புதுப் பைக்கற் வந்த அன்றைக்கு மீற்றரைத் திருத்தி, அதே கையோடு முல்லைத்தீவுத் தண்ணீரை வடித்து அளந்து, சோடாப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி மெழுகால் அடைத்து, எண்ணை ஒட்டி அலுமாரிக்குள் வைத்தது. கடலியல்காரரும் அத்திலாந்திக் தண்ணீரை இப்படித்தான் கண்ணாடியில் அடைத்து உலகம் முழுக்க நியமமாக அனுப்புகிறார்கள். சந்தேகம் வரும்போது ஒரு போத்தலை உடைத்துப் பார்ப்பேன். மச்சான் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். வைகாசிக்கு வரும்போது தன்னுடைய மீற்றரையும் கொண்டுவந்து ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். கொண்டுவரட்டும், போத்தல் இன்னும் நாலைந்து இருக்கிறது.